நான்கு பெயர்கள், ஒரு கருவிழி: லேசர் பார்வைச் சிகிச்சை கடந்து வந்த பாதை

 

சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா வாசலில் ஒரு தாய் எனக்காகக் காத்திருந்தார். அவருடைய மகள் எங்களிடம் ஓதிய பிள்ளை. இப்போது கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் அனைவரும் எல்லாம் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, "கண்ணாடி மட்டும்தான்..." என்று இழுத்தார்களாம். மகளுக்குச் சிறு வயது முதலே கிட்டப்பார்வை. பவர் மைனஸ் ஆறு. தாயின் கையில் ஒரு கண் மருத்துவமனையின் விலைப்பட்டியல் இருந்தது. பிஆர்கே, லேசிக், ஃபெம்டோ லேசிக், ஸ்மைல் என நான்கு பெயர்கள். அவற்றின் எதிரே நான்கு விலைகள்.

"ஹஜ்ரத், இதெல்லாம் மார்க்கத்தில் கூடுமா? கூடும் என்றால் இதில் எது நல்லது? விலை கூடியதுதானே நல்லதாக இருக்கும்?" என்று அவர் கேட்டார்.

முதல் கேள்விக்கு விடை சொல்ல என் படிப்பு போதுமானதாக இருந்தது. இரண்டாம் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சில நாள் அவகாசம் கேட்டுவிட்டு நூல்களைத் தேடிப் படித்தேன். கண் மருத்துவர் ஒருவரிடமும் கேட்டுத் தெளிந்தேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. அந்த நான்கு பெயர்களும் ஒரே வரலாற்றின் நான்கு அத்தியாயங்கள். ஒவ்வொரு முறையும் தனக்கு முந்தையதன் குறையைத் தீர்க்கப் பிறந்தது. தனக்கென ஒரு புதிய குறையையும் உடன் கொண்டு வந்தது. ஆகவே "எது புதியது, எது விலை கூடியது" என்பதைவிட, "இந்தக் கண்ணுக்கு எது பொருந்தும், பொருந்துவது ஒன்று உண்டா" என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதை விளங்கிக்கொள்ள இவ்வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

கெய்ரோவில் இருவர்

கண் எவ்வாறு பார்க்கிறது? கண்ணிலிருந்து கதிர் ஒன்று புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்றே யூக்ளிடும் தாலமியும் எண்ணினர். அவர்களுடைய பெயருக்கு இருந்த மதிப்பினால் அக்கருத்து பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. ஏறத்தாழ 965-இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் அதை ஏற்கவில்லை. பேரொளியைப் பார்த்தால் கண் ஏன் வலிக்கிறது என்று அவர் வினவினார். ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்று தம் ஏழு பகுதிகள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' நூலில் சோதனைகளின் துணையோடு நிறுவினார். பின்னர் அந்நூல் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பல தலைமுறைகளுக்குப் பாடமாயிற்று.

அவருக்கும் பிழை நேர்ந்தது. பார்வையை உணர்வது கண்ணுக்குள் உள்ள வில்லை என்றே அவர் கருதினார். பிம்பம் விழுவது கண்ணின் பின்புறத்து விழித்திரையில் என்பதை 1604-இல் கெப்ளர் விளக்கினார். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் திருத்துவது இவ்வரலாற்றின் முதற்பக்கத்திலேயே இருக்கிறது.

அதே காலத்தில், அதே எகிப்தில், மவ்ஸில் நகரத்தவரான அம்மார் இப்னு அலீ என்னும் கண் மருத்துவர் வாழ்ந்தார். உள்ளீடற்ற ஊசியைக் கண்ணுள் செலுத்திக் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை அவர் எழுதி வைத்தார். மயக்க மருந்தும் நுண்ணோக்கியும் இல்லாத காலம் அது. ஒருவர் ஒளியின் வழியை ஆராய்ந்தார். மற்றவர் கண்ணில் கருவியை வைத்தார். இவ்விரு வழிகளும் ஒன்றாக இணைவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

கண்ணாடி செய்வது என்ன?

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் கவிந்து நிற்கும் நிறமற்ற படலம் ஒன்று உண்டு. அதன் பின்னால் தெரியும் கருமையினால் நாம் அதைக் கருவிழி என்கிறோம். அரபியில் அதற்குக் 'கர்னிய்யா' என்று பெயர். கொம்பு போன்றது என்பது பொருள். லத்தீனிலிருந்து வந்த 'கார்னியா' என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்து ஒருமுகப்படுத்தும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இப்படலமே. இதன் நடுப்பகுதியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதல். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் அனைத்தும் இதைச் சுற்றியே நிகழ்கின்றன.

கண்ணின் நீளத்திற்கு இப்படலத்தின் வளைவு மிகுதியாக இருந்தால், ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடும். தொலைவில் உள்ளவை மங்கும். இது கிட்டப்பார்வை. வளைவு போதாதிருந்தால் தூரப்பார்வை. வளைவு ஒரு திசையில் ஒருவிதமாகவும் மறு திசையில் வேறு விதமாகவும் இருந்தால் பிம்பம் சிதறும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றிய மூக்குக்கண்ணாடி முதலில் முதியோரின் வெள்ளெழுத்துக்கே பயன்பட்டது. கிட்டப்பார்வைக்கான குழிவில்லைகள் 15-ஆம் நூற்றாண்டில் வந்தன. கண்ணுக்கு வெளியே ஒரு வளைவைச் சேர்த்து உள்ளே உள்ள வளைவை ஈடுசெய்வதே கண்ணாடியின் வேலை. கருவிழியின் வளைவையே மாற்றிவிட்டால் என்ன என்ற எண்ணம்தான் அறுவைச் சிகிச்சைக்கு வித்திட்டது.

கத்தியின் காலம்

1939-ஆம் ஆண்டளவில் ஜப்பானின் டோக்கியோவில் சாட்டோ என்னும் மருத்துவர் இம்முயற்சியில் இறங்கினார். கருவிழியின் முன்புறத்திலும் உட்புறத்திலும் மெல்லிய கீறல்களிட்டு அதன் வளைவைத் தட்டையாக்கினார். நோயாளிகள் தெளிவாகப் பார்த்தனர், மகிழ்ந்தனர். ஆனால், கருவிழியின் உட்புறத்தில் ஒரே அடுக்காக உள்ள நுண்ணிய செல்கள்தாம் அதில் நீர் தேங்காமல் காக்கின்றன என்பதும், மனிதரிடத்தில் அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை என்பதும் அன்று தெளிவாக அறியப்படவில்லை. ஆண்டுகள் பல சென்ற பின், சிலருக்கு இருபது ஆண்டுகளுக்கும் பின், அக்கருவிழிகள் வீங்கி மங்கின. நன்மை உடனே தெரிந்தது. தீமை ஒரு தலைமுறை கழித்துத் தெரிந்தது.

1974-இல் மாஸ்கோவில் ஃபியோதரோவ் என்பவர் உட்புறத்தை விடுத்து, முன்புறத்தில் மட்டும் சக்கரத்தின் ஆரங்களைப் போலக் கீறும் முறையைத் தொடங்கினார். சாட்டோவின் பிழை தவிர்க்கப்பட்டது. இம்முறை அமெரிக்காவிலும் பரவியது. ஆனால், ஆழமாகக் கீறப்பட்ட கருவிழி தன் உறுதியை இழந்தது. அமெரிக்காவில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் பத்தாண்டு முடிவு 1994-இல் வெளியாயிற்று. 43 விழுக்காட்டுக் கண்கள் ஒரு பவர் அல்லது அதற்கு மேல் எதிர்த்திசையில், தூரப்பார்வையை நோக்கி நகர்ந்திருந்தன. 1996-இல் எவரெஸ்ட் ஏறிய பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இச்சிகிச்சையைச் செய்துகொண்டவர். மலை உயரத்தில் அவருடைய கருவிழியின் வடிவம் மாறி, பார்வை மங்கி, மேலே செல்ல இயலாமல் நின்றார். பின்பு வீசிய பனிப்புயலில் உயிர் தப்பினார். எனினும் வலக்கையையும் இடக்கை விரல்களையும் இழந்தார்.

ஸ்பெயினில் பிறந்து கொலம்பியாவின் பொகோட்டாவில் பணியாற்றிய பர்ராகேர் வேறு வழியில் சிந்தித்தார். கீறுவதைக் காட்டிலும் செதுக்குவது மேல் என்பது 1949-இல் அவர் முன்வைத்த கருத்து. கருவிழியின் மேற்பகுதியை வட்டத் தகடாகச் சீவி எடுத்து, உறைய வைத்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்து, மீண்டும் கண்ணில் தைத்தார். கருத்து மிகச் சரியானது, கருவிதான் போதவில்லை. மைக்ரான் கணக்கில், சூடில்லாமல் செதுக்கும் உளி தேவைப்பட்டது.

மதராஸ் மாணவரும் வான்கோழி எலும்பும்

அந்த உளி மருத்துவரிடமிருந்து வரவில்லை. ஒரு வேதியியலாளரிடமிருந்து வந்தது. 1970-இல் மாஸ்கோவில் பாசோவ் குழுவினர் எக்ஸைமர் என்னும் புதுவகை லேசரை உருவாக்கினர். பின்னர் வந்த அதன் ஒரு வகை, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை வெளியிடும். அக்கதிரைக் கொண்டு பிளாஸ்டிக்கைச் செதுக்கும் ஆய்வில் ரங்கசுவாமி ஸ்ரீனிவாசன் ஈடுபட்டிருந்தார். அவர் 1929-இல் மதராஸில் பிறந்து, மதராஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்கா சென்று ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தமிழகத்து அறிஞர்.

1981 நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள். முந்தைய நாள் விருந்தில் எஞ்சிய வான்கோழியின் துண்டை அவர் ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்று லேசர் முன் வைத்தார். எலும்பிலும் தசைநாரிலும் கூரிய விளிம்புகளுடன் துல்லியமான பள்ளம் விழுந்தது. சுற்றிலும் கருகல் இல்லை. வேறு வகை லேசரோ அதே திசுவைத் தீய்த்தது. அக்கதிர் மூலக்கூறுகளின் பிணைப்பை முறித்து, திசுவை ஆவியைப் போல வெளியேற்றிவிடுகிறது. சூடு பரவுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் அகற்றுவது ஒரு மைக்ரானின் கால் பங்கு அளவே.

ஸ்ரீனிவாசனும், அவருடன் உழைத்த வைன், பிளம் ஆகியோரும் ஒற்றைத் தலைமுடியில் சதுரப் பள்ளங்கள் வெட்டிக் காட்டிய படம் உலகப் புகழ் பெற்றது. 1983-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் டிரோக்கல் அவர்களைத் தேடி வந்தார். பர்ராகேர் தேடிய உளி இதுவே என்பது அவருக்கு விளங்கிற்று.

முதல் பெயர்: பிஆர்கே

1988-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மார்கரெட் மெக்டொனால்டு என்னும் பெண் மருத்துவர், பார்வையுள்ள மனிதக் கண்ணில் முதன்முதலாக இச்சிகிச்சையைச் செய்தார். புற்றுநோயினால் ஒரு கண்ணை அகற்ற வேண்டிய நிலையிலிருந்த ஒரு பெண்மணி, அகற்றுவதற்கு முன் அக்கண்ணில் சோதித்துப் பாருங்கள் என்று தாமே முன்வந்தார். தமக்கு எவ்விதப் பயனும் இல்லை என்று அறிந்தே அவர் தந்த கண்ணிலிருந்துதான் இன்றைய சிகிச்சை தொடங்குகிறது. 1995-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

பிஆர்கே முறையில் கருவிழியின் மேல்தோலை அகற்றிவிட்டு, அதன் கீழுள்ள பரப்பை எக்ஸைமர் லேசர் செதுக்கும். மேல்தோல் சில நாட்களில் தானே வளர்ந்துவிடும். அதுவரை கண்ணில் பாதுகாப்பு லென்ஸ் வைப்பார்கள். குறை என்ன? அந்தச் சில நாட்கள் வலியும் கூச்சமும் மிகுதி. பார்வை முழுமையாகத் தெளியச் சில வாரங்கள் ஆகும். பவர் மிகுதியாக உள்ளவர்களுக்குக் கருவிழியில் மங்கல் படியவும் கூடும். நிறை என்ன? மூடிபோல் எதையும் வெட்டுவதில்லை. ஆகவே கருவிழியின் உறுதி கூடுதலாக எஞ்சுகிறது.

இரண்டாம் பெயர்: லேசிக்

வலியைக் குறைக்க என்ன வழி? பர்ராகேரின் சீவும் முறையையும் எக்ஸைமர் லேசரையும் இணைத்தார்கள். கிரேக்கத்தின் கிரீட் தீவைச் சேர்ந்த பல்லிக்காரிஸ் 1990-இல் இம்முறையை வெளியிட்டு, லேசிக் என்று பெயரிட்டார். ஈரானின் ஷீராஸ் நகரில் பிறந்த கண் மருத்துவர் குலாம் பெய்மான், மூடியின் கீழ் லேசர் பாய்ச்சும் இக்கருத்துக்கு அமெரிக்காவில் 1989-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். மதராஸில் பிறந்த ஸ்ரீனிவாசனுக்கும் ஷீராஸில் பிறந்த பெய்மானுக்கும் 2013 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் ஒரே விழாவில் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது.

லேசிக் முறையில் நுண்ணிய கத்தி கருவிழியின் மேலடுக்கை ஒரு பக்கம் ஒட்டியிருக்குமாறு மூடிபோல் வெட்டும். மூடியைத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மீண்டும் மூடுவார்கள். தையல் இல்லை. வலி குறைவு. மறுநாளே பெரும்பாலோர்க்குத் தெளிவு வந்துவிடும். இதனாலேயே இம்முறை உலகெங்கும் பரவிற்று.

ஆனால் அந்த மூடி ஒருபோதும் பழைய உறுதியோடு ஒட்டுவதில்லை. பலத்த அடி பட்டால் பல ஆண்டுகளுக்குப் பின்னும் விலகக்கூடும். மூடி வெட்டும்போது நுண்ணரம்புகளும் அறுபடுவதால் சில மாதங்கள் கண் உலரும். சிலருக்கு அது நீடிக்கும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாகக் கூறுவோரும் உண்டு. இவற்றிலும் பெரியது ஒன்று உண்டு. மெலிந்த கருவிழியில் மேலும் வெட்டினால், அது கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் முன்னோக்கிப் பிதுங்கத் தொடங்கும். 1998-இல் ஜெர்மானிய மருத்துவர் சைலர் இதை எடுத்துக்காட்டிய பின், மூடிக்கும் செதுக்கலுக்கும் போக அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது எஞ்ச வேண்டும் என்ற எல்லை வகுக்கப்பட்டது.

மூன்றாம் பெயர்: ஃபெம்டோ லேசிக்

கத்தி வெட்டிய மூடி சில வேளைகளில் தடித்தோ மெலிந்தோ, அரைகுறையாகவோ அமைந்தது. அக்குறையைத் தீர்த்தது ஒரு விபத்து. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், மூரூ என்னும் இயற்பியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவரின் கண்ணில் லேசர் பட்டது. அவரைப் பரிசோதித்த இளம் கண் மருத்துவர் கர்ட்ஸ், சுற்றியுள்ள திசுவுக்குச் சேதமின்றி அக்காயம் வியக்கத்தக்க துல்லியத்துடன் இருப்பதைக் கண்டார். ஒரு வினாடியை ஆயிரம் இலட்சம் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூறுக்குப் பெயர் ஃபெம்டோ வினாடி. அத்தகைய சில நூறு கூறுகளே நீடிக்கும் துடிப்பு அது. இருவரும் இணைந்து அதைக் கண் சிகிச்சைக்குக் கொண்டு வந்தனர். இத்தகைய துடிப்புகளை ஆற்றல்மிக்கதாக்கும் வழியைக் கண்டதற்காக மூரூ 2018-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஃபெம்டோ லேசிக்கில் கத்திக்குப் பதிலாக இந்த லேசர் மூடியை வெட்டும். செதுக்குவது பழைய எக்ஸைமர் லேசரே. மூடியின் தடிமன் துல்லியமாக அமைகிறது. ஆயினும் மூடி மூடிதான். அதற்குரிய எச்சரிக்கைகள் அப்படியே நீடிக்கின்றன.

நான்காம் பெயர்: ஸ்மைல்

மூடியே இல்லாமல் செய்ய முடியாதா என்ற கேள்விக்கு ஜெர்மனியின் செகுண்டோ, பிளம் ஆகிய மருத்துவர்கள் விடை தேடினர். (இவர் முன்னர்க் கூறிய பிளம் அல்லர்.) ஃபெம்டோ லேசர் கருவிழியின் உள்ளேயே மெல்லிய வில்லை வடிவத்தை வரைந்து பிரிக்கும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளை வழியாக மருத்துவர் அதை உருவி எடுப்பார். லேசிக் மூடியின் வெட்டு ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் நீளம், ஒப்பிட்டுப் பாருங்கள். அறுபடும் நரம்புகள் குறைவு. கண் உலர்வதும் பெரும்பாலும் குறைவு. 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதற்கும் எல்லை உண்டு. பெரும்பாலும் கிட்டப்பார்வைக்கே பயன்படுகிறது. பவர் சிறிது எஞ்சிவிட்டால் இதே முறையை மீண்டும் செய்வது எளிதன்று; பிஆர்கே போன்ற வேறு முறையை நாட வேண்டி வரும். மருத்துவரின் கைத்தேர்ச்சியும் கூடுதலாக வேண்டும்.

விலைப்பட்டியலில் இல்லாதவை

இப்போது அந்த 540 மைக்ரானுக்கு வருவோம். ஒரு பவரைக் குறைக்கச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் செதுக்க வேண்டும். பவர் ஆறு என்றால் சுமார் 70 முதல் 90. மூடிக்கு 110 என்று கொண்டால், எஞ்சுவது 340 அல்லது 360. தாராளமாகப் போதும். ஆனால் ஒருவருடைய கருவிழி பிறவியிலேயே 460 மைக்ரானாக இருந்தால்? கணக்கு எல்லையை நெருங்கிவிடுகிறது. தடிமன் போதுமானதாக இருந்தாலும் கருவிழியின் வடிவம் கூம்புபோல் மாறத் தொடங்கியிருந்தால், கணக்குப் பார்க்கவே வேண்டியதில்லை, செய்யக் கூடாது. ஆகவே கருவிழியின் தடிமனையும் வடிவத்தையும் வரைபடமாக எடுக்கும் சோதனையே எல்லாவற்றிற்கும் முந்தியது. காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மருத்துவர் சொல்லும் காலம்வரை அதை நிறுத்திய பிறகே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும்; குறைந்தது ஓராண்டாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஒத்திப்போட வேண்டும். கண் உலர்வு உள்ளவர்களும், கட்டுப்படாத சர்க்கரை நோயுள்ளவர்களும் முதலில் அதற்குச் சிகிச்சை பெற வேண்டும். அன்றியும், இது வெள்ளெழுத்தைத் தடுக்காது. நாற்பதைக் கடந்தால், சிகிச்சை செய்துகொண்டவர்களும் படிப்பதற்குக் கண்ணாடி தேட நேரும்.

மார்க்கக் கேள்விகள்

கண்ணின் குறையைச் சீராக்குவது மருத்துவம். அழகுக்காகப் படைப்பை மாற்றுவதையும் குறையை நீக்குவதையும் அறிஞர்கள் வேறுபடுத்தியே பார்க்கின்றனர். எனவே கூடுமா என்ற ஐயம் வேண்டியதில்லை. உளூவில் கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையும் அன்று. சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் கண்ணில் நீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், கண்ணைக் காத்து முகம் கழுவலாம். அதுவும் இயலாதெனில் நோயாளிக்குரிய சலுகையை உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நோன்பில் கண் சொட்டு மருந்து பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் அதனால் நோன்பு முறியாது. எனினும் ரமழானுக்குப் பின் வைத்துக்கொள்வது எளிது. சுருமா இடுவதையும் கண்ணைக் கசக்குவதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை விட்டுவிடுங்கள்.

அந்தத் தாய்க்கு

இவை அனைத்தையும் அந்தத் தாயிடம் விளக்கிவிட்டு, ஒன்று கேட்டேன்: "மகள் என்ன சொல்கிறாள், அம்மா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. மகளிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.

பின்னர் மகளையும் அழைத்துச் சென்று சோதித்தார்கள். கருவிழி மெலிந்திருப்பதோடு அதன் வடிவத்திலும் ஐயம் இருப்பதாகக் கூறி, எந்த லேசரும் வேண்டாம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது என் உள்ளம் நடுங்குகிறது. அந்தப் பிள்ளை இன்றும் கண்ணாடி அணிகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மதரஸாவில் சிறுமிகளுக்கு ஓதிக் கொடுக்கிறாள். அந்த வரன் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

பெற்றோர்களே! தகுதியான கண்ணுக்குத் தேர்ந்த மருத்துவர் செய்தால் இது நல்ல சிகிச்சை. எத்தனையோ பேர் பயனடைந்துள்ளனர். உங்கள் பிள்ளை விரும்பினால் தாராளமாகச் சோதித்துப் பாருங்கள். ஆனால் பிறர் "கண்ணாடி மட்டும்தான்" என்று இழுப்பதற்காக, நோயில்லாத ஒரு கண்ணைக் கத்தியின் முன் கொண்டுபோய் வைக்காதீர்கள். மருத்துவர் "வேண்டாம்" என்று சொன்னால், வேறு மருத்துவமனையில் "சரி" என்று சொல்லும்வரை தேடி அலையவும் வேண்டாம். அந்த மறுப்புக்குப் பின்னால் சாட்டோவின் காலந்தொட்டுக் கற்ற பாடங்கள் நிற்கின்றன.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் பாதுகாத்து, அதை நல்லவற்றின்பால் செலுத்த அருள்புரிவானாக! ஆமீன்.